தோல் வேலை பழக வேண்டுமா? பெட்டியை வாங்காதீர்கள்!

தாதர் ஸ்டேஷன் படிக்கட்டில் காலை ஒன்பது மணிக் கூட்டம் எப்படி இருக்கும் என்று மும்பையில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கூட்டத்தின் நடுவில்தான் என் பாஸ் உறை வாயைப் பிளந்தது. முதலில் ஒரு மூலையில் நூல் விட்டது. கையில் பிடிப்பதற்குள் மூன்று பக்கமும் விட்டுவிட்டது. பாஸ், ஆதார் அட்டை, நாலு பத்து ரூபாய் நோட்டு எல்லாம் படிக்கட்டில்! பின்னால் வந்த ஒரு கல்லூரிப் பெண் இரண்டு கையையும் விரித்துக் கூட்டத்தை மறித்து நின்றிராவிட்டால், அன்று குனிந்த நான் எழுந்திருக்க மாட்டேன்.

உறை பிய்ந்தது பெரிய விஷயம் அல்ல. அதே உறையை எங்கள் ஆபீசில் எட்டுப் பேருக்கு விற்றுக் கொடுத்தவன் நான். ஒன்று 250 ரூபாய். "நம்ம ஊர்ப் பையன், கையாலே தைத்தது, பத்து வருஷம் உழைக்கும்" என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். அந்த வாரத்துக்குள் இன்னும் மூன்று பேர் உறையை மேஜை மேல் கொண்டுவந்து வைத்தார்கள். ஒருவர் ஒன்றும் பேசவில்லை. நூலை மட்டும் தனியே எடுத்து, சுருட்டி, என் லெட்ஜர் மேல் வைத்துவிட்டுப் போனார். மூன்று பேருக்கும் என் பையிலிருந்தே பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

52 சாமான்!

தைத்த பையன் எங்கள் சாலில் மூன்றாவது வீடு. வயது 22. திருநெல்வேலிப் பக்கம். ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் பேக்கிங் வேலையில் இருந்தான். கம்பெனியை மூடினார்கள். அம்மா இரண்டு வீட்டில் சமையல் வேலை பார்க்கிறார். ஆறு மாதம் வேலை தேடி அலைந்த பிறகு, செல்போனில் வீடியோ பார்த்து, தோலில் பர்ஸ் தைத்துப் பிழைக்கலாம் என்று முடிவு செய்தான். நல்ல முடிவுதான். அதற்காகச் செல்போனிலேயே ஆர்டர் கொடுத்து ஒரு பெட்டியை வரவழைத்தான். விலை 3,200 ரூபாய். அம்மாவின் சீட்டுப் பணம்.

பெட்டியைத் திறந்தபோது நானும் இருந்தேன். பார்வைக்கு வெகு ஜோர்! எண்ணிப் பார்த்தேன்; 52 சாமான். அதில் இருபது, தோலில் பூ, இலை, நட்சத்திரம் பதிக்கும் முத்திரைகள். குத்தூசி மட்டும் நாலு. நூல் மூன்று நிறத்தில். விரல் உறை, துளை போடும் குழாய், பித்தளை நிறத்தில் பொத்தான்கள், இன்னும் பெயர் தெரியாத பல. கத்தி ஒன்றுதான். அதுவும் தகரம் போல வளைந்தது. தோல் ஒரு துண்டுகூட இல்லை.

அவன் தைத்ததில் குற்றம் கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவனையும் அந்தப் பெட்டியையும் பிய்ந்த உறைகளையும் அழைத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன்.

தாராவியில் ஒரு பெரியவர்

தாராவிக்கும் நமக்கும் உள்ள சம்பந்தம் வாசகர்களுக்குத் தெரிந்ததே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் அங்கே தோல் பதனிடும் தொட்டிகளைப் போட்டார்கள். அவர்களோடு வேலைக்கு வந்தவர்களின் பேரன், கொள்ளுப்பேரன்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். தொட்டிகள் போய்விட்டன. ஆனால் தோலை வெட்டி, ஒட்டி, பை, பெல்ட், பர்ஸ் தைக்கும் பட்டறைகள் இருக்கின்றன. சயான் - பாந்த்ரா இணைப்புச் சாலையில் கண்ணாடி போட்ட கடைகளில் தொங்கும் சாமான்களில் பல, பின்னால் உள்ள சந்துகளில் பிறந்தவைதான்.

நாங்கள் பார்க்கப் போன அண்ணாச்சி 90 அடி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், ஏணி ஏறிப் போகும் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறார். பதினாலு வயதில் ரயில் ஏறி வந்தவர். முதலில் தோல் தொட்டியில் வேலை. பிறகு பை தைக்கும் பட்டறை. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு உறையை வாங்கிப் பார்த்தார்.

"இத யாருல தச்சது?"

"நான்தான் தாத்தா" என்றான் பையன்.

"தையல் நேராத்தான் இருக்கு. கை வரும் உனக்கு" என்றார். பையன் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. அடுத்து அவர் கேட்டது: "பெட்டிய வாங்கிட்டு என்ன தைக்கலாம்னு யோசிச்சியா? இல்ல, என்ன தைக்கணும்னு யோசிச்சிட்டுப் பெட்டிய வாங்குனியா?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். அன்று அவர் மூன்று மணி நேரம் சொன்னதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடக்கம். முதலில் பொருளை முடிவு செய்ய வேண்டும். பொருளுக்கு ஏற்ற தோல். தோலின் கனத்துக்கு ஏற்ற துளை. துளைக்கு ஏற்ற நூல். நூலுக்கு ஏற்ற ஊசி. இந்த வரிசை தலைகீழானால் பணம் பாழ்.

உதாரணத்துக்குப் பாஸ் உறையையே எடுத்துக்கொண்டார். ஆதார் அட்டை போன்ற ஓர் அட்டையின் அளவு 8.6 செ.மீ.க்கு 5.4 செ.மீ. தையலுக்கும், அட்டை தாராளமாகப் போய்வரவும் இடம் விட்டால் 10.5-க்கு 7.5 என்று இரண்டு துண்டு தோல் வேண்டும். ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர் கனம் இருந்தால் போதும். மூன்று பக்கம் தைத்தால் தையலின் நீளம் 28.5 செ.மீ. துளைக்குத் துளை 4 மில்லிமீட்டர் என்றால் சுமார் எழுபது துளை. 4 மில்லிமீட்டர் இடைவெளிக்கு 0.8 மில்லிமீட்டர் நூல் சரியாக இருக்கும். 3 மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாகத் தைத்தால் 0.6 நூல். இரண்டு ஊசியால் தைக்கும்போது தையல் நீளத்தைப் போல நாலு மடங்கு நூல், அதற்கு மேல் பிடித்து இழுக்க ஒரு முழம். ஆக ஒன்றரை மீட்டர் வெட்டிக்கொள்ள வேண்டும். இவ்வளவையும் கடைக்குப் போகும் முன்பே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிவிடலாம். எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு இது கைவந்த கலை அல்லவா!

நூலுக்கு நெருப்புப் பரீட்சை

பெட்டியில் இருந்த நூலை ஒரு விரல் நீளம் வெட்டி, தீக்குச்சியைக் கிழித்து நுனியில் காட்டினார். பற்றி எரிந்தது. காகிதம் எரிந்த வாசனை. கையில் மிஞ்சியது சாம்பல். பிறகு தன்னுடைய நூலில் காட்டினார். அது எரியவில்லை, உருகிச் சுருங்கி, நுனியில் கடுகு போல ஒரு மணியாக நின்றது.

"இது பாலியஸ்டர். உன்னோடது வெறும் பருத்தி. மேலே மெழுகப் பூசி ஏமாத்திருக்கான்" என்றார்.

பருத்தி நூல் சட்டைக்கு நல்லது. தோலுக்கு ஆகாது. வியர்வையும் மழை ஈரமும் பட்டுப்பட்டு நைந்துவிடும். துளையின் விளிம்பு நூலை அறுத்துக்கொண்டே இருக்கும். மும்பையின் ஜூன், ஜூலை மழையில் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லோக்கலில் போய்வந்தால் எத்தனை நாள் தாங்கும்? என் உறை ஐந்து வாரம் தாங்கியதே அதிகம்.

நைலான் நூலும் கடையில் கிடைக்கும். வலுவானதுதான். ஆனால் இழுத்தால் நீளும், வழுக்கும். பழகாத கையில் தையல் தளர்ந்துவிடும். பாலியஸ்டர் அவ்வளவு நீளாது. லினன் நூல் பழைய காலத்திலிருந்து தோலுக்கு உபயோகிப்பது. அதுவும் நெருப்பில் பருத்தி போலவே எரியும் என்பதால் வாசனையை வைத்து ஏமாறக் கூடாது. இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்க்க வேண்டும். லினன் விலையும் கூடுதல். ஆரம்பத்தில் பாலியஸ்டரே போதும் என்பது பெரியவர் கட்சி.

மெழுகு பூசாத நூல் மலிவாகக் கிடைத்தால் வாங்கி, தேன்மெழுகுக் கட்டியின் மேல் இரண்டு மூன்று முறை இழுத்துக்கொள்ளலாம். நூல் பிசிறு அடங்கும். துளையில் பிடித்து நிற்கும். ஈரமும் சீக்கிரம் ஏறாது. வீட்டில் இருக்கும் மெழுகுவர்த்தியைத் தேய்க்க வேண்டாம். அது பொரிப் பொரியாக உதிர்ந்துவிடும். பையன் அதையும் செய்து பார்த்திருக்கிறான்!

இரண்டு ஊசி, ஒரு நூல்

நம் ரயில் நிலைய வாசல்களில் செருப்புத் தைப்பவரைக் கவனித்திருப்பீர்கள். முனையில் கொக்கி உள்ள ஓர் ஊசியை மேலிருந்து குத்துவார். கீழே இருக்கும் இன்னொரு கை நூலைக் கொக்கியில் மாட்டும். மேலே இழுத்து, அடுத்த குத்து. கண் மூடித் திறப்பதற்குள் ஒரு வாரைத் தைத்துவிடுவார். அவசர ரிப்பேருக்கு அதை அடிக்க வேறு வழி இல்லை. ஆனால் புதிதாகப் பழகுகிறவர் பர்ஸ், பை தைக்க இரண்டு ஊசித் தையலைத்தான் கற்க வேண்டும் என்றார் அண்ணாச்சி.

ஒரே நூல், இரு நுனியிலும் ஒவ்வோர் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போகும். இரண்டு பக்கமும் சமமாக இழுக்க வேண்டும். அவ்வளவுதான்.

இதில் என்ன லாபம்? சுவரில் ஆணியில் தொங்கிய ஒரு பழைய பழுப்புப் பையை எடுத்தார். நாற்பது வருஷத்துக்கு முன் அவரே தைத்தது. கத்தி முனையால் நடுவில் ஒரு தையலை அறுத்தார். எனக்குப் பகீரென்றது. பிறகு பையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். தையல் பிரியவில்லை. ஒரு பக்க நூல் அறுந்தாலும் மறுபக்க நூல் அதே துளைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. மெஷின் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றை ஒன்று கொக்கி போட்டுப் பிடிப்பவை. ஓர் இடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் தளர்ந்துகொண்டே போகும். எங்கள் ஆபீஸ் பரணில் வசூல் பணம் கட்டி அனுப்பிய பழைய தோல் பை ஒன்று கிடக்கிறது. மறுநாள் போய் எடுத்துப் பார்த்தேன். வாய்ப்பட்டை முழுவதும் கைத்தையல். ஒரு நூல்கூட விடவில்லை.

பையன் செய்தது ஒற்றை ஊசியில் போய் ஒற்றை ஊசியில் திரும்பியது. அதுவும் பெரிய குற்றம் அல்ல. ஆனால் துளையைத் தோலின் ஓரத்துக்கு மிக அருகில், மிக நெருக்கமாகப் போட்டுவிட்டான். தபால்தலையின் ஓரம் எப்படிக் கிழிவதற்கென்றே துளை போட்டிருக்கிறதோ, அது போல ஆகிவிட்டது. விளிம்பிலிருந்து மூன்று, நாலு மில்லிமீட்டர் உள்ளே தள்ளிக் கோடு போட வேண்டும். கோடு போட, பள்ளிக்கூடத்தில் உபயோகித்தோமே, அந்தக் கவராயம் போதும். இரண்டு காலும் கூர்முனையாக உள்ளதாக வாங்கி, ஒரு காலை விளிம்பில் ஓடவிட்டு மறு காலால் தோலில் கீறிக்கொண்டே போனால் கோடு விலகாது.

தைக்கும் ஊசி கூராக இருக்கக் கூடாது! இது எனக்குப் புதிய செய்தி. துளை போடுவது குத்தூசியின் வேலை. ஊசி அந்தத் துளையில் நுழைந்து போக வேண்டும், அவ்வளவே. கூர்மையாக இருந்தால் முதலில் போன நூலைக் குத்திப் பிளக்கும். விரலையும் பதம் பார்க்கும். மொட்டை முனை ஊசி கிடைக்காவிட்டால், சாதாரணக் கோணி ஊசியில் சிறியதாகப் பார்த்து வாங்கிச் சாணைக்கல்லில் முனையைத் தேய்த்துவிடலாம்.

குத்தூசியை மட்டும் பார்த்து வாங்க வேண்டும். பெட்டியில் வந்த நாலும் உருண்டை முனை. உருண்டை ஊசி தோலைத் தள்ளித் துளைக்கிறது. துளை பெரிதாகத் திறந்தே நிற்கிறது. டைமன் வடிவில் நாலு பட்டை தீட்டிய முனை தோலை வெட்டி நுழைகிறது. நூல் போன பிறகு துளை மூடிக்கொள்கிறது. புதிதாக வாங்கும் எந்தக் குத்தூசியும் கூராக இருக்காது. கல்லில் தீட்டி, பிறகு ஒரு தோல் பட்டையில் முன்னும் பின்னும் இழுத்துப் பளபளப்பாக்கிய பிறகே கையில் எடுக்க வேண்டும். "கூர் இல்லாத குத்தூசிதான் கையக் கிழிக்கும். கூரா இருக்கது சொன்ன எடத்துல நிக்கும்" என்று தன் இடது உள்ளங்கையைக் காட்டினார். பழைய தழும்பு.

கத்தி விஷயத்திலும் அவர் பிடிவாதக்காரர் அல்ல. இங்கே ராம்ப்பி என்று சொல்லும் அகல வாய்க் கத்தியைத்தான் அவர் உபயோகிக்கிறார். தோலை வெட்டுவதும், ஓரத்தைச் சீவி மெலிதாக்குவதும் அதிலேயே. ஆனால் அதைத் தீட்டப் பழக ஒரு வருஷம் ஆகுமாம். அதுவரை ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும், பிளேடை ஒடித்து ஒடித்து உபயோகிக்கும் பேப்பர் கட்டரே போதும் என்றார். இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, ஒரே இழுப்பில் அறுக்காமல் நாலு முறை லேசாக இழுக்க வேண்டும். பிளாஸ்டிக் ஸ்கேல் வேண்டாம். கத்தி அதில் ஏறிவிடும், பிறகு விரலில்.

ஓர் இடத்தில் மட்டும் நான் அவரோடு மாறுபடுகிறேன். வரிசையாகப் பல் வைத்த உளியால் தட்டித் துளையிடுவது சோம்பேறி வேலை என்பது அவர் எண்ணம். கோடு கீறி, அளவு குறித்து, ஒவ்வொரு துளையாகக் குத்தூசியால் போட வேண்டுமாம். எழுபது வயதுக் கைக்கு அது சரி. புதியவருக்கு 4 மில்லிமீட்டர் இடைவெளியில் நாலு பல் உளி ஒன்றும், மூலை திரும்ப இரண்டு பல் உளி ஒன்றும் இருந்தால் தையல் முதல் நாளே நேராக வரும், மனமும் உடையாது. பல்லின் பக்கங்கள் வழவழப்பாக இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்து வாங்குங்கள். சொரசொரப்பாக இருந்தால் தோலில் மாட்டிக்கொண்டு வராது.

உளியை இரும்புச் சுத்தியலால் அடித்தால் அதன் தலை பூப்போல விரிந்துவிடும். மரக் கொட்டாப்புளிதான் சரி. அதற்குக் காசு கொடுக்க வேண்டாம். எங்கள் தெரு ஆசாரி ஒரு துண்டுக் கட்டையில் செய்துகொடுத்தார்.

கீழ் வீட்டுக்காரர் சண்டை

கொட்டாப்புளி என்றதும் நினைவுக்கு வருகிறது. பையன் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் துளை போட ஆரம்பித்து, கீழ் வீட்டு மராட்டியப் பெரியவர் படியேறி வந்துவிட்டார். சாலில் குடியிருப்பவர்கள் இதை முன்பே யோசிக்க வேண்டும். பழைய கம்பளியை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் கனமான மரப்பலகை, அதன் மேல் தோல் என்று வைத்தால் சத்தம் பாதி குறைகிறது. துளை போடுவதைப் பகலில் முடித்துவிட்டு, ராத்திரியில் தைக்கலாம். தையலுக்குச் சத்தம் இல்லை.

இன்னொரு விஷயம் அதைவிட முக்கியம். தோலை ஒட்டும் ரப்பர் சொல்யூஷன் சீக்கிரம் தீப்பற்றும். ஒரே அறையில் சமையலும் படுக்கையும் என்று வாழ்கிறவர்கள் நாம். அடுப்பு எரியும்போது அந்த டப்பாவைத் திறக்கவே கூடாது. சாமி விளக்கும் அப்படியே. ஜன்னலைத் திறந்துவைத்து உபயோகிக்க வேண்டும். அதன் நெடி தலைசுற்றலைக் கொடுக்கும். சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். அந்த நெடியை மோந்தே கெட்டுப்போகும் சிறுவர்களை ஸ்டேஷன்களில் நான் தினமும் பார்க்கிறேன். பெரிய டப்பா மலிவு என்று வாங்காதீர்கள். சின்ன டப்பா போதும். இரண்டு பக்கமும் மெலிதாகத் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும் வரை காத்திருந்து, பிறகு சேர்த்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். பிடிப்பது தையல் போடும் வரை துண்டுகள் நகராமல் இருக்க. ஒட்டியதை நம்பித் தையலைக் குறைக்கக் கூடாது.

தோல் கடையில்

கடைசியில் வாங்க வேண்டியது தோல். அண்ணாச்சி எங்களோடு கடைவரை நடந்தே வந்தார்.

முழுத் தோல் சதுர அடிக் கணக்கில் விற்கும். தோலின் பின்பக்கம் எத்தனை அடி என்று எழுதியிருக்கும். பழகுகிறவருக்கு முழுத் தோல் வேண்டாம். பைக் கம்பெனிகள் வெட்டிக் கழித்த துண்டுகள் கிலோக் கணக்கில் கிடைக்கும். மூட்டையைக் கொட்டச் சொல்லி, உட்கார்ந்து பொறுக்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். உள்ளே லேசான நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் அது பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்டது. மிருதுவாக இருக்கும், தண்ணீர் சீக்கிரம் ஏறாது, பர்சின் உள்பக்கத்துக்கும் பைக்கும் நல்லது. ஓரம் முழுவதும் பழுப்பாக, அட்டை போல விறைப்பாக இருந்தால் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உறிஞ்சிக் கறுக்கும். பெல்ட், பாஸ் உறை, கத்தி உறை இவற்றுக்கு அதுதான். நனைத்துப் பதித்தால் முத்திரையும் அதில்தான் நிற்கும். பையன் வாங்கித் தைத்தது குரோம் தோல். இருபது முத்திரையில் ஒன்றுகூட அதில் சரியாகப் பதியவில்லை. தன் கைதான் சரியில்லை என்று நினைத்து ஒரு வாரம் அழுதிருக்கிறான்!

இந்தப் பட்டைப் பதத்தில் நம் ஊருக்குப் பழைய பெயர் உண்டு. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட சென்னைத் தோல், ஈஸ்ட் இந்தியா தோல் என்ற பெயரில் வெளிநாடுகளுக்குக் கப்பல் ஏறியது. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது ரோட்டோரம் மஞ்சளாகப் பூத்திருக்குமே, அதே ஆவாரைதான்.

மகாராஷ்டிரத்தில் பசுவதை முன்பே தடை செய்யப்பட்டது. 2015-ல் காளை, எருதுக்கும் தடை வந்தது. அதற்குப் பிறகு இங்கே கிடைப்பதில் எருமைத் தோலும் ஆட்டுத் தோலும், வெளி மாநிலங்களிலிருந்து வருவதும் அதிகம். எருமைத் தோல் கனமாக, மேல் வரி பெரிதாக இருக்கும். உழைப்புக்குக் குறை சொல்ல முடியாது.

முதுகுப் பகுதி உறுதி. வயிற்றுப் பகுதி தளர்ச்சி, இழுத்தால் நீளும். பெல்ட், தோள்பட்டை வார் போன்றவற்றை முதுகில், நீளவாக்கில்தான் வெட்ட வேண்டும். துண்டை மடக்கிப் பாருங்கள். மேல் பூச்சு வெடித்தால் பெயிண்ட் அதிகம். பின்பக்கம் துணி தெரிந்தால் அது ரெக்ஸின். பின்பக்கம் அட்டையைப் போல ஒரே சீராக இருந்தால், தோல் தூளைப் பசை போட்டுத் தகடாக்கியது. "அதுவும் தோல்தான் சேட்" என்று கடைக்காரர் சத்தியம் செய்வார். ஆறு மாதத்தில் பொரிந்து உதிரும்.

பொத்தான், கொக்கி வாங்கும்போது சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். காந்தத்தில் ஒட்டினால் உள்ளே இரும்பு. மேலே எத்தனை மினுக்கினாலும் ஒரு மழைக்குத் துருப்பிடித்துத் தோலில் கறை ஏற்றும். பித்தளை ஒட்டாது.

ஓரத்தை மெருகேற்ற எதுவும் வாங்க வேண்டாம். நைசான உப்புத்தாளால் தேய்த்து, லேசாகத் தண்ணீர் தொட்டு, முரட்டுத் துணியால் சூடு ஏறும்வரை தேய்த்தால் பட்டைத் தோலின் ஓரம் கண்ணாடி போல வரும். குரோம் தோலில் அது வராது. அதற்கு ஓரச் சாயம்தான்.

அன்று நாங்கள் கொடுத்த கணக்கு: குத்தூசி 60, ஊசி இரண்டு 20, நூல் 160, தேன்மெழுகு 40, கட்டர் 70, இரும்பு ஸ்கேல் 60, கவராயம் 120, உளி இரண்டு 420, உப்புத்தாள் 20, சொல்யூஷன் 90, துண்டுத் தோல் ஒரு கிலோ 240. ஆக 1,300 ரூபாய். கடைக்குக் கடை முன்பின் இருக்கும்.

இதையே தொழிலாகச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 செப்டம்பர் 17-ல் தொடங்கிய பிரதம மந்திரி விஸ்வகர்மா திட்டத்தில் உள்ள 18 தொழில்களில் காலணி தைப்பதும் ஒன்று. பயிற்சி நாட்களுக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய், கருவி வாங்க 15,000 ரூபாய் வரை உதவி, முதல் தவணையில் ஒரு லட்சம் ரூபாய் வரை 5 சதவீத வட்டிக்குக் கடன் என்பது அதன் ஏற்பாடு. ஏற்கெனவே அந்தத் தொழிலைச் செய்பவராக இருக்க வேண்டும். பதிவு நடக்கிறதா என்று பொதுச் சேவை மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அரசாங்க ஊழியருக்கும் அவர் குடும்பத்துக்கும் கிடையாது. ஆகவே எனக்கு வழி இல்லை! ஊரோடு போய்விட நினைப்பவர்களுக்கு, சென்னை அடையாறில் 1948-லிருந்து இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் பயிற்சி வகுப்புகள் உண்டு.

மழைக்காலத்தில் தைத்த சாமானைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். பூஞ்சை பிடிக்கும். துணிப் பையில் போட்டுக் காற்றாட வையுங்கள். இதையும் அண்ணாச்சி, நாங்கள் ஏணி இறங்கிய பிறகு மேலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்.

பையன் எட்டு உறைகளையும் புதிதாகத் தைத்தான். முதல் இரண்டை அண்ணாச்சியே கத்தியால் அறுத்துப் போட்டுவிட்டார். மூன்றாவதிலிருந்து ஒப்புக்கொண்டார். பணம் வாங்கிக்கொண்டவர்கள் மூன்று பேரில் இருவர் திரும்பவும் பணம் கொடுத்து வாங்கினார்கள். நூலைச் சுருட்டி லெட்ஜர் மேல் வைத்தவர் வாங்கவில்லை. ஆனால் போன வாரம் பிடி அறுந்த தன் பழைய ஆபீஸ் பையை என் மேஜையில் வைத்து, "அந்தப் பையனிடம் கொடுத்துப் பார்" என்று மட்டும் சொன்னார்.

52 சாமான் பெட்டியில் இப்போது அவன் அம்மா கடுகு, சீரகப் பொட்டலங்களை வைத்திருக்கிறார். முத்திரைகளில் ஒன்றை மட்டும் பையன் வெளியே எடுத்து வைத்துக்கொண்டான். பட்டைத் தோலில் தைத்த என் புதிய உறையின் மூலையில் ஒரு நட்சத்திரம் பதிந்திருக்கிறது. கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது.